என் முதுகில் இல்லாத டிஸ்க்

டாக்டர் மேஜையில் இருந்த முதுகெலும்பை உடைத்தது நான்தான்.

பதற வேண்டாம். பிளாஸ்டிக் முதுகெலும்பு. நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வதற்காக வைத்திருந்த பொம்மை. நடுவில் ஒரு கம்பி, கம்பியில் மணி கோத்த மாதிரி எலும்புகள், எலும்புக்கும் எலும்புக்கும் இடையே டிஸ்க் என்கிற ரப்பர் வட்டுகள், உச்சியில் ஒரு திருகு. டாக்டர் என்னை உட்காரச் சொன்ன மறு நிமிடமே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அழைப்பு வந்தது. "அரை மணி நேரத்துல வந்துடறேன். எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது.

என் இடம் எது என்று பார்க்கத்தான் ஆசைப்பட்டேன். கீழ் முதுகில் நாலாவது எலும்புக்கும் ஐந்தாவது எலும்புக்கும் நடுவே. போன வருடம் ஒரு கிடங்கின் மதிலிலிருந்து குதித்தபோது நான் நேராக இறங்கினேன். என் டிஸ்க் மட்டும் பக்கவாட்டில் இறங்கிவிட்டது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, உலோகத்தில் ஒரு செயற்கை டிஸ்க் வைத்தார்கள். வைத்ததும் முதுகு வழியாக அல்ல, வயிற்று வழியாக. முதுகு வலி என்று போனவனுக்கு வயிற்றில் தையல் போட்டு அனுப்புகிற ஒரே தொழில் மருத்துவம்தான்.

திருகைக் கொஞ்சம் திருப்பினேன். கம்பி நழுவியது. அறை முழுக்க ஒரு மனிதனின் முதுகெலும்பு உருண்டது.

மேஜைக்கு அடியில் ஊர்ந்து, நாற்காலிக்குப் பின்னால் தவழ்ந்து, எல்லாவற்றையும் பொறுக்கி, எது மேலே எது கீழே என்று தோராயமாகக் கோத்து, திருகை இறுக்கினேன். மனிதன் கொஞ்சம் கூன் போட்ட மாதிரி தெரிந்தான். போகட்டும். ஆனால் கடிகாரத்தைக் கழற்றி மாட்டியவனுக்கு வருகிற அதே கஷ்டம் எனக்கும் வந்தது. கையில் ஒரு துண்டு மிச்சம்.

அது பிளாஸ்டிக் இல்லை. ரப்பரும் இல்லை. கம்பியில் கோக்க ஓட்டையும் இல்லை. நகம் அளவு கனத்தில் இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் வழுவழுவென்று ஒரு வெள்ளைக் குமிழ். கிரீம் பிஸ்கெட் மாதிரி. விரலால் அழுத்தினால் மேல் தகடு இப்படியும் அப்படியும் அழகாகச் சாய்ந்தது. நிஜமான செயற்கை டிஸ்க்.

திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் பொடி எழுத்தில் ஓர் எண். கடைசி நாலு இலக்கம் 4471.

அந்த எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆபரேஷன் முடிந்ததும் கொடுத்த அட்டையில் அதே எண் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. அட்டை என் பர்ஸில் இருக்கிறது. ஒரு வருடமாக டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, கல்யாண வீடு என்று எங்கே போனாலும் அதை எடுத்துக் காட்டி, "உள்ள இருக்கு பாருங்க, டைட்டானியம்" என்று பெருமையடித்திருக்கிறேன்.

அட்டையை எடுத்து டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தேன். எண்ணில் ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

என் முதுகுக்குள் இருக்க வேண்டியது என் உள்ளங்கையில் இருந்தது.

கதவு திறந்தது. வண்டியை நிறுத்தப் போயிருந்த முதலாளி வந்தார்.

இவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ஒரு துப்பறியும் நிறுவனம் உண்டு. நிறுவனம் என்றால் இரண்டு பேர். மூளை அவர், கால் நான். உயரமாக இருப்பதாலும் மதில் ஏறுவதாலும் என்னை 'ஏணி' என்பார். ஊர் அவரை 'கேள்விக்குறி' என்கிறது. கழுத்தை முன்னால் தள்ளி, தோளை வளைத்து அவர் நிற்கிற தோரணை ஒரு காரணம். கேள்விக்குக் கேள்வியைத்தான் பதிலாகத் தருவார் என்பது இன்னொன்று. ஏழு வருடத்தில் அவர் எனக்கு நேராக ஒரு பதில் சொன்னதில்லை. மணி என்ன என்று கேட்டால், "ஏன், பசிக்குதா?" என்பார்.

எந்தக் கொம்பனையும் கண்டுபிடிப்பார். ஆனால் ரெண்டுசுழி 'ன'வுக்கும் மூணுசுழி 'ண'வுக்கும் வித்தியாசத்தை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் எழுதும் அறிக்கைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்துவது என் உத்தியோகத்தில் பாதி. நேற்றுகூட என் மேஜையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'நாளை டாக்டரை நாணே பார்த்துக்கொள்கிறேண். நீ உள்ளே வர வேன்டாம்.' மூன்றையும் வட்டம் போட்டுத் திருத்திச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, முதல் ஆளாக உள்ளே வந்துவிட்டேன். வருட முடிவுப் பரிசோதனை. 'இனி மதில் ஏறலாம்' என்று டாக்டர் வாயால் கேட்க எனக்கு அவ்வளவு அவசரம்.

முதலாளி என் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு பொம்மையைப் பார்த்தார்.

"இதை உடைச்சது யாரு?"

"அதை விடுங்க சார். இது யாரோடதுன்னு பாருங்க. என் டிஸ்க்! எனக்கு வைக்கவே இல்ல. ஏமாத்தியிருக்காங்க!"

"டாக்டர் வரட்டுமே, கேட்டா சொல்ல மாட்டாரா?"

"திருடன்கிட்டயே சாட்சி கேக்கச் சொல்றீங்க. கட்சிக்காரன் நான். கேஸை எடுத்துக்கிறீங்களா, இல்லையா?"

"எடுக்கலைன்னா?"

"நானே எடுத்துக்கிறேன்."

அவர் பையிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்துக் காது வரை இழுத்து மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரி என்றால் மனிதருக்குக் கிருமி பயம் போலிருக்கிறது என்று நினைத்தேன். இப்படி நினைக்கிறவனுக்குத்தான் துப்பறியும் உதவியாளன் என்று அட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

தியேட்டருக்கு வெளியே, ஆபரேஷன் பொருள்களைக் கொதிக்க வைத்து அடுக்கும் அறையில் மூத்த சிஸ்டர் இருந்தார். பச்சைத் துணியை மடித்துக்கொண்டே பேசினார். மடிப்பு ஒன்றுகூடக் கோணவில்லை.

"சிஸ்டர், இந்த ஸ்டிக்கரை எப்ப ஒட்டுவீங்க?" என்று அட்டையைக் காட்டிக் கேட்டேன்.

"பெட்டி திறந்த உடனே."

"உடம்புல வச்ச உடனே இல்லையா?"

"வைக்கிறவங்க கை பூரா ரத்தம். அவங்க எப்படிங்க ஸ்டிக்கர் உரிப்பாங்க? வெளிய நின்னு பெட்டி திறக்கிறவதான் உரிப்பா. கேஸ் ஷீட்ல ஒண்ணு, நோயாளி அட்டையில ஒண்ணு. அப்பவே ஒட்டலைன்னா எங்கயாவது பறந்து போய் என் செருப்புல ஒட்டிக்கும்."

"பெட்டி திறந்தாச்சு, ஆனா வைக்கலைன்னா?"

மடித்த கை நின்றது.

"அட்டையில ஒட்டினதைக் கிழிக்கணும்."

"கிழிப்பீங்களா?"

"கிழிக்கணும்" என்றார் மறுபடி. குரல் இறங்கிவிட்டது. "சில சமயம் அந்தப் பரபரப்புல மறந்துடும்."

"திறந்த டிஸ்க் என்ன ஆகும்?"

"வேற யாருக்கும் வைக்கக் கூடாது. டாக்டர் கழுவி, பொம்மை பக்கத்துல வச்சுக் காட்டுவார். ஆமா, நீங்க ஏன் இதெல்லாம் கேக்கறீங்க?"

"எனக்கு டிஸ்க் வச்சிருக்காங்க" என்று கைபேசியை நீட்டினேன். முகப்புப் படமே என் முதுகின் எக்ஸ்ரேதான். சிலர் குழந்தை படம் வைப்பார்கள். கல்யாணம் ஆகாதவன் வேறு எதை வைப்பான்? "பாருங்க, நடுவுல வெள்ளையா."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இது டிஸ்க் இல்லீங்களே. நாலு ஸ்க்ரூ தெரியுது பாருங்க. அசையிற டிஸ்க்குல ஸ்க்ரூ ஏது? இது ரெண்டு எலும்பையும் சேர்த்து ஒண்ணாக்கினது. அசையாது."

ஒரு வருடமாக ஆதாரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தினமும் நூறு தடவை அதன் முகத்தில் விழித்து, நேரம் பார்த்திருக்கிறேன்.

"ஆனா நான் குனியறேனே, சிஸ்டர்?"

"இடுப்பு வளையுது, மத்த எலும்பு வளையுது. ஒரு இடம் வளையலைன்னா உங்களுக்கே தெரியாது." பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவராக, "நடுவுல மாத்தினா வெளிய இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட டாக்டரே வந்து சொல்லிக் கையெழுத்து வாங்குவார். ரெக்கார்டு ரூம்ல இருக்கும், பாருங்க" என்றார். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சாரை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"மாஸ்க் போட்டா எல்லாரும் ஒரே மாதிரி இல்லையா?" என்றார் முதலாளி.

ரெக்கார்டு அறைக்கு மாடிப்படி இறங்கினோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஞாபகம் வந்தது. எனக்கு மூன்று அக்கா, மூன்று பேரும் மூன்று ஊரில். சொன்னால் மூவரும் வந்து கட்டிலைச் சுற்றி அழுவார்கள் என்று யாருக்கும் சொல்லவில்லை. கூட இருந்தது முதலாளி மட்டும்தான். அவரிடம் சொல்லியிருந்தேன்: "சார், ஆடற டிஸ்க்தான் வேணும். எலும்போட எலும்பை ஒட்டிட்டா மதில் ஏற முடியாது, குதிக்க முடியாது. மதில் ஏறாத ஏணி எதுக்கு? டிஸ்க் வைக்க முடியலைன்னா அப்படியே தைச்சு அனுப்பிடச் சொல்லுங்க. வலியோட இருந்துக்கிறேன். எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

"பண்ணாம விட்டுடுவேனா?" என்றிருந்தார். அந்தத் தெம்பில்தான் மயக்க மருந்தை மூக்கு நிறைய இழுத்தேன்.

ரெக்கார்டு அறையில் கூரை வரை கோப்புகள். நடுவே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடி அணிந்த ஓர் அம்மாள். அந்தக் காகித மலையில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அதை யாரிடமும் சொல்வதாக உத்தேசமும் இல்லை.

"கோப்பு வேணும்மா."

"நோயாளி வரணும்."

"நோயாளி நான்தான்."

"பார்த்தா நல்லா இருக்கீங்களே."

"அதைக் கண்டுபிடிக்கத்தாம்மா வந்திருக்கேன்."

அடையாள அட்டையை வாங்கி, முகத்தையும் படத்தையும் மூன்று தடவை ஒப்பிட்ட பிறகும் படத்தின் மேல்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது. ஏணிப்படி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், ஒரே மூச்சில் என் கோப்பை உருவினார். முதலாளி வாசலோடு நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க சார்."

"ரெண்டு பேருக்கு இடம் இருக்கா?" என்று அங்கேயே நின்றார்.

கோப்பைப் புரட்டினேன். ஸ்டிக்கர் இருந்தது, 4471. அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. அங்கே அடித்துவிட்டார்கள், என் அட்டையில்தான் அடிக்க மறந்துவிட்டார்கள். அடுத்த தாள், டாக்டர் கையெழுத்து. எலும்பின் மேற்பரப்பில் விரிசல். டிஸ்க் உறுதியாக உட்காரவில்லை. வைத்தால் முன்னால் நழுவிப் பெரிய ரத்தக் குழாயில் இடிக்கும் அபாயம். டிஸ்க் வைக்கப்படவில்லை. இரண்டு எலும்புகளும் இணைக்கப்பட்டன. கடைசித் தாளில் வீட்டுக்கு அனுப்பும்போது எழுதியது. 'உயரத்திலிருந்து குதிக்கக் கூடாது. மதில், மரம் ஏறுதல் கூடாது. நிரந்தரமாக.'

நிரந்தரமாக என்ற சொல்லின் கீழே கோடு வேறு போட்டிருந்தார்கள்.

ஒரு வருடமாகத் தினமும் காலையில் ஒற்றைக் காலில் நின்று பழகிக்கொண்டிருந்தேன். மதிலுக்காக.

"இந்தத் தாளை எனக்கு யாரும் கொடுக்கலையேம்மா?"

"சொந்தக்காரர் வாங்கியிருக்கார். பின்னாடி பாருங்க."

பின்னால் சம்மதக் கடிதம். 'நோயாளி மயக்கத்தில் இருப்பதால், எலும்பு இணைப்புக்கு அவர் சார்பில் சம்மதிக்கிறேன்.' கீழே ஸ்பிரிங் மாதிரி ஒரு கையெழுத்து. யாருடைய பெயரையும் அதிலிருந்து எடுக்க முடியாது. பக்கத்தில் உறவுமுறை என்ற கட்டம். அதை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். அண்ணன்.

எனக்கு ரத்தம் சூடேறியது.

"சார்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினேன். "கிடைச்சுட்டான்! எவனோ ஒருத்தன் என் அண்ணன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கான். எனக்கு அண்ணனே கிடையாது! மூணு அக்கா, ஒரு அண்ணன்கூட இல்ல! ஆள்மாறாட்டம் சார்!"

முதலாளி வாசலை விட்டு நகர்ந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அம்மாள் கண்ணாடி வழியாகத் தாளைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். "அண்ணனாம், அண்ணன். அதைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியலை."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். அவசரத்தில் நான்தான் திருத்திப் படித்திருக்கிறேன். எழுதியிருந்தது அப்படியில்லை.

'அன்னண்.'

மூணுசுழி இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டுசுழி. ரெண்டுசுழி இருக்க வேண்டிய இடத்தில் மூணுசுழி. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தது. முதல் எழுத்துப் பிழையைச் சுற்றிப் பாதி வட்டம் போட்டது.

அங்கே நின்றது.

ஏழு வருடமாக இதே கை, இதே பேனாவால், இதே பிழையைச் சுற்றி இதே வட்டத்தைப் போட்டிருக்கிறது. ஆளைத் தலை கண்டுபிடிப்பதற்கு முன்பே கை கண்டுபிடித்துவிட்டது. பேனாவோடு சேர்ந்து நேற்றைய சீட்டும் வெளியே வந்திருந்தது. நாணே. பார்த்துக்கொள்கிறேண். வேன்டாம்.

"கோப்புல கிறுக்கக் கூடாது" என்றார் அம்மாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

நான் உட்காரவில்லை. வெளியே போனேன்.

நடைபாதை முனையில் ஒரு மர பெஞ்ச். அவர் அதில் உட்கார்ந்திருந்தார். முகக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முன்னைவிட இன்னும் வளைந்து தெரிந்தார்.

ஒவ்வொன்றாகப் புரிந்தது. பரிசோதனைக்கு வரும்போதெல்லாம், எக்ஸ்ரே எடுத்து முடிந்ததும் "நீ வெளிய உக்காரு" என்று தான் மட்டும் உள்ளே போனது. மதில் வேலை வந்தால் "அந்தக் கேஸ் நமக்கெதுக்கு?" என்று தட்டிக் கழித்தது. ஆறு மாதம் முன்பு பரண் துடைக்க என்று ஒரு அலுமினிய ஏணி வாங்கி வந்தது. எங்கள் ஆபீஸில் பரணே கிடையாது. அந்த ஏணியை நான்தான் கேலி செய்தேன், எனக்குப் போட்டியாக ஆள் எடுத்துவிட்டீர்களா என்று.

"சத்தியம் பண்ணீங்களே சார்."

"பண்ணினேனா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. 'பண்ணாம விட்டுடுவேனா?' என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு கேள்வியைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்டு நான்தான் மயங்கிப் படுத்திருக்கிறேன்.

"நல்லா இருக்கு சார். ஊர்ல யார் யாரை ஏமாத்தினாலும் கண்டுபிடிச்சுக் குடுக்கிறோம். நம்ம ஆபீஸ் பலகையிலயே அப்படித்தான் எழுதியிருக்கு, நான்தான் எழுத்துப் பிழை பார்த்தேன்."

"டாக்டர் வெளிய வந்து, அப்படியே மூடினா ஆறு மாசத்துல கால் மரத்துப் போகும், நடக்க முடியாமப் போகலாம்னு சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? ரெண்டு நிமிஷம்தான் டைம்னு சொன்னா?"

"அது கேள்வி."

"நீ கேட்டது பெருசா, உன் கால் பெருசா?"

"அதுவும் கேள்வி. கையெழுத்துப் போட்டதை நான் கேக்கல சார். போட்டிருக்கலாம். உங்க இடத்துல நானும் போட்டிருப்பேனோ என்னவோ. ஆனா மறுநாள் கண்ணைத் திறந்தேனே? முதல்ல என்ன கேட்டேன்?"

அவர் தரையைப் பார்த்தார்.

"டிஸ்க் வச்சாச்சான்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க? 'அட்டையில ஸ்டிக்கர் இருக்கு, பார்க்கலையா?' அந்த அட்டையை ஊர் முழுக்கக் காட்டினேன் சார். டீக்கடைக்காரர்கிட்ட ரெண்டு தடவை காட்டினேன். நீங்க பக்கத்துல நின்னு டீ குடிச்சீங்க."

நான் சிரிப்பு மூட்டத்தான் லாயக்கு. அழுவதென்றால் மூக்குதான் முதலில் ஒழுகும், பார்க்க நன்றாக இருக்காது. டிஸ்க்கை எடுத்துப் பெஞ்சில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தேன். மேல் தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிதானமாகத் திரும்பி வந்து நின்றது. எவ்வளவு அழகாக அசைகிறது.

"ஒரு வருஷமா ஏன் சார் சொல்லலை?"

"சொன்னா..."

"கேள்வி வேணாம்."

வாயை மூடினார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருந்த வண்டி பெட்ரோல் தீர்ந்து நின்ற மாதிரி இருந்தது. பிறகு இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, கழுத்தை நிமிர்த்தி, என் முகத்தைப் பார்த்தார். அவர் இவ்வளவு உயரம் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

"சொன்னா நீ போயிடுவ" என்றார். "நீ போயிட்டா எனக்கு யாரும் இல்ல. அந்தப் பயத்துலதான் சொல்லலை."

மூன்று வாக்கியம். மூன்றின் முடிவிலும் முற்றுப்புள்ளி. சிவப்புப் பேனா இன்னும் என் கையில் திறந்தே இருந்தது. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.